இரட்டை ஒப்புதல் நெட்பேங்கிங்: பணம் தப்பாகப் போனால் யார் சம்பளத்தில் பிடிப்பது?

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் உள்ள சிறு கம்பெனிகளில், பார்ட்டிகளுக்குப் பணம் அனுப்புவது பெரும்பாலும் ஒரே அக்கவுண்டன்ட்டின் பொறுப்பு. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும், தொகையில் ஒரு சைபர் கூடினாலும் லட்சங்கள் போய்விடும். அடுத்த மாதமே அவர் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கும். இந்த ஆபத்துக்காகவே வங்கிகள் வணிகக் கணக்குகளுக்குத் தருவது மேக்கர்–செக்கர் வசதி. ஒருவர் (மேக்கர்) பதிவார், இன்னொருவர் (செக்கர்) ஒப்புதல் தருவார்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவசியம் வாங்கிவைக்க வேண்டிய வசதி இது. தவறுகளை ஓரளவுதான் தடுக்கும். யார் பதிந்தார், யார் எத்தனை மணிக்கு ஒப்புதல் கொடுத்தார் என்ற பதிவு மட்டும் அழியாமல் இருக்கும். மாதச் சம்பளக்காரருக்கு அந்தப் பதிவுதான் பெரிய பாதுகாப்பு.

அமைப்பதில் சிரமம் அதிகமில்லை. வங்கிக் கிளையில் விண்ணப்பம், பிரைவேட் லிமிடெட் என்றால் இயக்குநர் குழுத் தீர்மானம், கூட்டு நிறுவனம் என்றால் எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்து. குறைந்தது இரண்டு யூசர் ஐடி, ஆளுக்கொரு தனி மொபைல் எண் கட்டாயம். ஒப்புதல் வரம்பையும் அப்போதே எழுதிக் கொடுங்கள். உதாரணமாக 50,000 ரூபாய் வரை ஒருவர் ஒப்புதல், அதற்கு மேல் இருவர் ஒப்புதல்.

இந்த வசதி பாழாவது ஒரே இடத்தில்தான். ஓனர் தன் ஐடியையும் பாஸ்வேர்டையும் அக்கவுண்டன்ட்டிடமே கொடுத்துவிட்டு, ஓடிபியை மட்டும் போனில் படித்துச் சொல்வார். பதிவும் ஒப்புதலும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து போகும். பணம் தப்பினால், ஒப்புதல் தந்தது ஓனர் என்று வங்கிப் பதிவு சொல்லும்; செய்தது அக்கவுண்டன்ட் என்று ஓனர் சொல்வார். ஓனரின் பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒவ்வொரு அக்கவுண்டன்ட்டிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே கையில் இருந்தால், மாற்றிக்கொள்ளும்படி மெயிலில் எழுதிக் கேளுங்கள்.

பெயர் பார்க்கும் வசதிக்கு முழு மதிப்பெண். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறைகளான என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைக்கப்படுகிறது. நீங்கள் அடித்த பெயரை வங்கி ஒப்பிடுவதில்லை. அதனால்தான் எண் தவறி வேறு யாருடைய கணக்கிலோ பணம் விழுந்துவிடும். கணக்கு வைத்திருப்பவரின் பெயரை முன்கூட்டியே திரையில் காட்ட வேண்டும், 2025 ஏப்ரல் 1-க்குள் அதைத் தொடங்க வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. பயனாளியைச் சேர்க்கும்போது வரும் அந்தப் பெயரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பார்ட்டியின் பில்லோடு வையுங்கள். பில்லில் கடையின் பெயரும் திரையில் உரிமையாளரின் பெயரும் வருவது சகஜம்தான். அப்போது பழைய பில்லில் உள்ள நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வந்த மெயிலில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். மோசடிக்காரர்கள் எழுதுவது அப்படிப்பட்ட மெயில்களைத்தான்.

பலருக்கு ஒரே நேரத்தில் பணம் அனுப்ப, மொத்தமாகக் கோப்பு ஏற்றும் பகுதிக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்கள் வரைதான் சரியாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் சைபராக மாறும். முன்னால் சைபர் உள்ள எண்களில் அந்தச் சைபர்கள் காணாமல் போகும். வங்கியில் ஏற்றும் சிஎஸ்வி கோப்பை மறுபடி எக்செலில் திறந்து சேமித்தாலே போதும், சரியாக இருந்த எண்களும் கெட்டுவிடும். எண்களை ஒட்டும் முன்பே அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். ஏற்றும் முன் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பயனாளியாகச் சேர்க்கும்போது வரும் பெயர்த் திரை, நூறு வரிக் கோப்பை ஏற்றும்போதும் வருகிறதா என்று உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். வராது என்றால், சம்பள நாளில் புதிய ஆட்களை மட்டும் தனியாகச் சேர்த்து, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கோப்பை ஏற்றலாம்.

செக்கரின் திரை இன்னும் நன்றாக இருக்கலாம். மொத்தத் தொகையும் வரிகளின் எண்ணிக்கையும் மட்டும் காட்டி ‘அப்ரூவ்’ பொத்தானை நீட்டினால், ஒப்புதல் தருபவர் எதைப் பார்ப்பார்? 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில், ஏறத்தாழ 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. அங்கே மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். மென்பொருளில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டியிருக்க, ஒன்றை நிரப்பினால் போதும் என்று மூவருமே நினைத்தார்கள். திரும்பி வராத சுமார் 50 கோடி டாலருக்காக நடந்த வழக்கில் சிட்டி 2021-ல் தோற்றது. 2022-ல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆகவே செக்கர், மேக்கர் தந்த பட்டியலை வைத்துச் சரிபார்க்கக் கூடாது. பில்லையும் டாலி லெட்ஜரையும் தானே திறந்து பார்க்க வேண்டும்.

ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போவது வேறு வகைத் தவறு. திரை ‘பெண்டிங்’ என்று நின்றதும் மறுபடி அடித்துவிடுகிறார்கள். என்இஎஃப்டி அரை மணிக்கு ஒரு தொகுதியாகத்தான் போகிறது. யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்) வைத்து நிலையைப் பார்க்காமல் இரண்டாம் முறை அனுப்பாதீர்கள்.

இனி சம்பளப் பிடித்தம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு (2019), அக்கவுண்டன்ட், மேனேஜர் என்று பிரிக்காமல் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும். ஊழியர் கணக்குக் காட்ட வேண்டிய பணம் அவருடைய கவனக்குறைவால் நேரடியாக இழக்கப்பட்டிருந்தால்தான் பிடிக்கலாம் என்கிறது 18-ஆம் பிரிவு. 21-ஆம் பிரிவின்படி, பிடித்தம் உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது. விளக்கம் சொல்ல ஊழியருக்கு முதலில் வாய்ப்பு தர வேண்டும். பிடித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தப்பாகப் போன பணம் திரும்பி வந்துவிட்டால், மிஞ்சுவது வங்கிக் கட்டணம் போன்ற சில்லறை இழப்பு மட்டுமே.

அளவுக்கும் கட்டுப்பாடு உண்டு. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சம்பளம் 18,000 என்றால் வரம்பு 9,000. அதில் பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 135 போனால், இழப்புக்காகப் பிடிக்க மிஞ்சுவது 7,065 ரூபாய். ஆளை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி, அவரே விலகினாலும் சரி, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளில் தர வேண்டும். ‘கணக்குத் தீரட்டும்’ என்று மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது சட்டத்துக்குப் புறம்பு. ஆனால் ஒன்றை ஊழியர்கள் கவனிக்க வேண்டும். கவனக்குறைவால் இழப்பு ஏற்படுத்தியதற்காகவே வேலையிலிருந்து நீக்கப்பட்டால், அந்த இழப்பின் அளவுக்குக் கிராஜுவிட்டியை நிறுத்த முதலாளிக்கு உரிமை உண்டு. ஆகவே ‘முழுப் பொறுப்பும் என்னுடையது’ என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள்: நேரம், யுடிஆர், திரையில் வந்த பெயர், ஒப்புதல் தந்தவர். வெற்று செக்கும் கொடுக்காதீர்கள்.

பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே செய்ய வேண்டியது: யுடிஆர் எண்ணோடு உங்கள் வங்கிக் கிளைக்குப் போன், பின்னாலேயே மெயில். பெற்றவரின் வங்கி அவர் சம்மதம் கேட்கும். சம்மதமில்லாமல் பொதுவாக எடுத்துத் தராது. அவர் மறுத்தால், தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்னும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவைக் காட்டி வக்கீல் நோட்டீஸ். மோசடி என்று சந்தேகம் வந்தால் கிளைக்காகக் காத்திருக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஜிஎஸ்டி பணம் தவறான தலைப்பில் விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் ரொக்க லெட்ஜரில் இருக்கும்வரை பிஎம்டி-09 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகச் சம்பளத்தில் கை வைக்க நியாயமே இல்லை.

முறையற்ற பிடித்தம் நடந்திருந்தால் மூன்று ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனுப் போடலாம். சம்பளத்தைக் கொடுத்ததாக நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது. பிடித்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்லவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கடலூரில் குடியிருந்து முள்ளோடை தாண்டி கிருமாம்பாக்கம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் புதுச்சேரி தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும். வீடு எங்கே என்பதை யாரும் கேட்பதில்லை, நிறுவனம் இருக்கும் இடம்தான் கணக்கு. மனுவோடு சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், மேக்கர்–செக்கர் ஆடிட் லாக் (யார் எப்போது பதிந்தார், ஒப்புதல் தந்தார் என்ற பதிவு) பிரிண்ட் மூன்றும் வேண்டும். வேலையை விட்டபின் லாகின் போய்விடும் என்பதால், அந்த லாக்கை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, கேட்ட கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.