சதல்ஹூயூக்: அடுப்படியே பட்டறை

துருக்கியில் கொன்யா வரை போகிறவர்கள் அரை நாளாவது சதல்ஹூயூக்குக்கு ஒதுக்குங்கள். சுமார் ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊர், மண் மேட்டுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தது. பழைய மேடுகளில் எனக்கு ஆர்வம் கிடையாது, கணவரின் பிடிவாதத்தால்தான் போனேன். துருக்கி மொழியில் 'சதல்' என்றால் முள்கரண்டி, 'ஹூயூக்' என்றால் மேடு. என் காதில் 'சாதல்' என்றே விழுந்தது. செத்தவர்களை வீட்டுத் தரைக்கடியில் புதைத்துவிட்டு அதன் மேலேயே படுத்துத் தூங்கியவர்களின் ஊருக்குப் பொருத்தம்தான்.

முதலில், அந்தக் காலத்து வீடு போலவே கட்டி வைத்திருக்கும் மாதிரி வீட்டைப் பாருங்கள். நேராக அகழ்வு நடந்த இடத்துக்குப் போனால் பெரிய கொட்டகைக்குள் வெறும் குழியும் குட்டிச்சுவருமாகத்தான் தெரியும்.

ஊருக்குள் தெரு என்று ஒன்று இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய மண்வீடுகள். கூரை மேல் நடந்து போய், ஓட்டை வழியாக ஏணியில் இறங்க வேண்டும். ஏணிக்கு அடியில் அடுப்பு. ஆள் வரவும் புகை போகவும் அந்த ஒரே வழி. வயதானவர்களின் விலா எலும்பில் கரி படிந்திருந்ததாம், படியாமல் என்ன செய்யும்?

நான் இருபது வருஷமாக வீட்டில் தையல் போடுகிறவள். அடுப்புக்கும் மெஷினுக்கும் நாலடிதான் இடைவெளி. அதனால் அந்த அடுப்படி மூலையை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை. சமையல் நடந்த பக்கம்தான் வேலை நடந்த பக்கமும். சாம்பலோடு எரிமலைக் கண்ணாடிச் சில்லும் (எரிமலைக் குழம்பு உறைந்து கண்ணாடி மாதிரி ஆன கல்) அங்கேதான் கிடைத்திருக்கிறது. 150 கிலோமீட்டருக்கும் அப்பால் கப்படோக்கியா மலைகளிலிருந்து அந்தக் கல்லைக் கொண்டுவந்து, அடுப்புப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்து வைத்து, தேவைப்படும்போது எடுத்துச் செதுக்கியிருக்கிறார்கள். நல்ல பிளவுஸ் பிட்டுகளைக் கட்டிலுக்கடியில் பதுக்கும் எனக்கு அது புதிதில்லை. எதிர்ப்பக்கம் வெள்ளைச் சாந்து பூசிய திண்ணைகள், சுத்தமோ சுத்தம். பிசிறு அங்கே போகக்கூடாது என்று வீட்டில் யாரோ கத்தியிருக்க வேண்டும்!

சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர், ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிலைத்தது. ஆனாலும் அரண்மனையோ பொதுப் பட்டறையோ கிடைக்கவில்லை. வீட்டுக்கு வீடு தனி அடுப்பு, தனித் தானியத் தொட்டி. கைவேலையும் பெரும்பாலும் வீட்டோடுதான். துணியும் உண்டு. ஆளிநாரில் நெய்தது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்களாம். அப்புறம் பார்த்தால் ஓக் மரப்பட்டையை உரித்து எடுத்த நார்! பட்டையை நாருக்குப் பதமாக்க எத்தனை நாள் ஊறப்போட்டார்களோ.

1961இல் கிடைத்த, உட்கார்ந்திருக்கும் பெண் சிலையை இங்கே தேடாதீர்கள். அது அங்காரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாங்கள் பிடித்த டூர்காரர் ஒரு மணி நேரம்தான் கொடுத்தார். அது போதவே போதாது, தனிக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டில் நிழலும் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். நான் அந்தத் தானியத் தொட்டிக்கு எத்தனை படி பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே வெளியே ஹாரன் அடித்துவிட்டார்கள்.