டவுன்ஹோம் வாங்கும் முன் கூரைக்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்

டாலஸ் பக்கம் வீடு தேடிக்கொண்டிருக்கிற நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தனி வீடு கட்டுப்படியாகாது, டவுன்ஹோம்தான் (பொதுச்சுவரோடு வரிசையாகக் கட்டிய வீடு) சரி என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. புல் வெட்ட வேண்டாம், ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தாலும் முன்பக்கம் பாழாகாது, ஆபீஸுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் எங்கள் தலையில் கட்டிய விதம் இருக்கிறதே, அதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

64 வீடுகள், கட்டி இருபது வருஷம் ஆன வளாகம், எச்.ஓ.ஏ. என்கிற வீட்டு உரிமையாளர் அசோசியேஷனுக்கு மாதம் 310 டாலர் கட்டணம். "கூரை, வெளிச்சுவர், வேலி எல்லாம் எச்.ஓ.ஏ. பார்த்துக்கொள்ளும், நீங்கள் உள்ளே பெயின்ட் அடித்தால் போதும்" என்றார் விற்பவரின் ஏஜென்ட். அது உண்மைதான். பார்த்துக்கொள்ள அவர்களிடம் பணம் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லவில்லை. டெக்சஸில் இப்படி வாங்கும்போது ரீசேல் சர்டிஃபிகேட் என்று ஒன்று வரும், அசோசியேஷன் தன் கணக்குவழக்கைக் காட்டித் தரும் சான்று. அதற்கு 375 டாலர் வரை வாங்கலாம், முழுசாக வாங்கினார்கள். ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (மாதக் கட்டணத்துக்கு மேல் வசூலிக்கும் தனித்தொகை) என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அதோடு விடாமல், பெரிய செலவு ஏதாவது வரப்போகிறதா என்று மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டேன். சர்டிஃபிகேட்டில் இருப்பதைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

பால் காய்ச்சிக் குடிவந்து பெட்டிகளைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, கடிதம் வந்துவிட்டது. கூரை மாற்ற வீட்டுக்கு 8,600 டாலர்.

இன்ஷூரன்ஸ் இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கிறது. வட டெக்சஸில் மார்ச் முதல் மே வரை ஆலங்கட்டி மழை சகஜம், அதனால் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கான டிடக்டிபிளை (முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகையை) இத்தனை டாலர் என்று போடாமல் காப்பீட்டுத் தொகையில் சதவீதமாகப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் வளாகம் 1.6 கோடி டாலருக்குக் காப்பீடு, டிடக்டிபிள் 2 சதவீதம். கணக்குப் போட்டால் முதல் 3,20,000 டாலர் நம் பாடு. அதற்கு மேலும் பழைய கூரை என்று தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். பெரிய செலவுக்கென்று அசோசியேஷன் சேர்த்து வைக்கும் ரிசர்வில் இருந்ததோ 41,000 டாலர், அதாவது வீட்டுக்கு 640 டாலர்தான்! இந்தத் தொகை அதே சர்டிஃபிகேட்டில் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது, ஆனால் இத்தனை பெரிய வளாகத்துக்கு இது ஒன்றுமே இல்லை என்று சொல்ல கமிஷன் வாங்கிய ஒருவருக்கும் வாய் வரவில்லை. என் சொந்த பாலிசியில் இந்த மாதிரி பங்குத்தொகைக்குக் கிடைத்தது வெறும் 1,000 டாலர்.

உரிமையாளர் ஆன பிறகு பழைய அசோசியேஷன் கூட்டங்களின் மினிட்ஸை (கூட்டக் குறிப்புகளை) கேட்டு வாங்கினேன். கூரைக்கு மூன்று கான்ட்ராக்டர்களிடம் கொட்டேஷன் வாங்கி, வருஷம் பூராவும் பேசியிருக்கிறார்கள். எங்களுக்கு விற்றவரின் பெயர் வந்திருந்தவர்கள் பட்டியலில் இருந்தது, ஒரு கூட்டத்தில் "எப்போது முடிவெடுப்பீர்கள்" என்று கேட்டதாகவும் பதிவாகியிருந்தது. அவ்வளவு தெரிந்த மனிதர் வீட்டைச் சுற்றிக்காட்டும்போது பாத்ரூம் டைல்ஸ் இத்தாலி என்று அரைமணி நேரம் பேசினார். சட்டத்தில் இடுக்கு எங்கே என்றால், ஏற்கெனவே தீர்மானம் போட்ட ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டைத்தான் சர்டிஃபிகேட்டில் காட்டியாக வேண்டும். பேச்சில் இருப்பதைக் காட்டத் தேவையில்லை. தீர்மானத்தை முன்னறிவிப்புக் கொடுத்து, கதவு திறந்த கூட்டத்தில்தான் போட வேண்டும் என்பதும் சட்டம். அதையும் ஒழுங்காகச் செய்தார்கள், நாங்கள் பத்திரம் முடித்த பிறகு. வக்கீலிடம் போனேன். விற்றவர் மேல் வழக்குப் போடலாம், ஆனால் என் ஃபீஸே அந்தத் தொகையைத் தாண்டிவிடும் என்று நேர்மையாகச் சொன்னார். கட்டாமலும் இருக்க முடியாது, இங்கே பாக்கி வைத்தால் அசோசியேஷன் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். தவணை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பொதுச்சுவர் பெரிய தொல்லை இல்லை, பக்கத்து வீட்டுப் பையன் படியில் தடதடவென்று இறங்குவது மட்டும் கேட்கும். மூன்று மாடிதான் கொடுமை. கீழே கராஜ், நடுவில் சமையலறை, மேலே படுக்கை, இருபது பவுண்டு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த அம்மா முட்டிவலியில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கீழே இறங்குவார். விருந்தாளி பார்க்கிங் பத்து வீட்டுக்கு ஒரு இடம் என்று வைத்திருக்கிறார்கள், எங்கள் வீட்டு சத்யநாராயண பூஜைக்கு வந்த நண்பரின் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பிரசாதத்தோடு மீட்புச் செலவும் நாங்கள் கொடுத்தோம்.

சரி, வாங்கப்போகிறவர்கள் என்ன செய்யலாம்? முதலில் அது சட்டப்படி டவுன்ஹோமா, காண்டோவா (வீட்டின் உள்பகுதி மட்டும் சொந்தம், மற்றது எல்லோருக்கும் பொது) என்று பத்திரத்தில் பாருங்கள், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். காண்டோவுக்குச் சட்டமே வேறு, எந்த இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதும் மாறும். கூரை யார் பொறுப்பு என்பது வளாகத்துக்கு வளாகம் வேறுபடும், ஏஜென்ட் வாயை நம்பாமல் வளாகத்தின் விதிகள் உள்ள டிக்ளரேஷன் என்ற ஆவணத்தைப் படியுங்கள். அப்புறம் கடைசி இரண்டு வருஷ மினிட்ஸ். உங்களுக்கு அதைத் தர மாட்டார்கள், உரிமையாளர் கேட்டால் தர வேண்டும், அதனால் விற்பவரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லி, ஆப்ஷன் காலம் (காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளும் அவகாசம்) முடிவதற்குள் கையில் வாங்கிவிடுங்கள். அசோசியேஷன் ஆவணங்கள் கைக்கு வந்த பிறகு மூன்று நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வழி உண்டு, ஆனால் ஒப்பந்தத்தோடு வரும் இணைப்பில் 'ஆவணங்கள் தேவையில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் அது போயே போச்சு. சில ஏஜென்ட்கள் அந்தக் கட்டத்தை நிரப்பியே கையெழுத்துக்கு அனுப்புகிறார்கள்.

விற்பவர் மினிட்ஸ் தர மாட்டேன் என்றால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள். எங்கள் வளாகத்தில் போன கூட்டத்தில் வேலிக்குக் கொட்டேஷன் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள், ஆறு வீடுகள் இப்போது விற்பனைக்கு இருக்கின்றன.