டிராகன் நடனமும் சிங்க நடனமும்

சீனப் புத்தாண்டில் இரண்டும் சேர்ந்தே வீதிக்கு வருவதால் ஒன்றென மயங்குவோர் பலர். சிங்கத்தின் உடைக்குள் இருவர் மட்டுமே மறைந்திருப்பர். கடை வாசலில் தொங்கும் கீரையைக் கவ்வி, இலைகளைப் பிய்த்து உமிழ்ந்து, அதனுடன் கட்டிய, பணம் வைத்த சிவப்பு உறையை எடுத்துக்கொள்ளும் தென்சீனச் சிங்கம் அக்கடைக்குச் செல்வம் சேர்க்கும் என்பது நம்பிக்கை.

டிராகனோ ஊர் முழுமைக்கும் உரியது. பண்டைய சீனத்தின் ஹான் அரசமரபுக் காலத்து மழைவேண்டல் சடங்குகளோடு தொடர்புடைய அது, நீருக்கும் ஆற்றலுக்கும் அடையாளம். கலைஞர்கள் மறையாமல் வெளியே நின்று, பெரும்பாலும் 9 கழிகளில் (ஒற்றைப்படை எண் மங்கலமானது) அதன் உடலை ஏந்தி, முன்னே ஒருவர் சுழற்றும் முத்தைத் துரத்துகின்றனர். அது ஞானத்தைத் தேடும் ஓட்டமாகக் கொள்ளப்படுகிறது. தாவலிலும் முகபாவத்திலும் சிங்கம் சிறந்ததெனினும், கூட்டு ஒழுங்கின் அழகால் டிராகனையே மேலாகக் கருதுகிறேன்: தலை திரும்பிய கணத்தில் ஒரு கழி பிந்தினாலும் அலை உடைந்துவிடும்.