ஒருநாள் விழாவா, ஓராண்டுக் குரலா?

ஏழைக் குழந்தைகளுக்காக உழைக்கும் சிறு அமைப்புக்கு நட்சத்திரம் ஒருவர் உதவ முன்வந்தால், மதுரை தமுக்கத்தில் விழா வைக்கவே பலருக்கும் ஆசை வரும். அதற்குப் பதில் ஓராண்டுக்கு அவர் குரலை, அதாவது காணொளி வேண்டுகோளை, கேட்டு வாங்குங்கள் என்பதே எங்கள் கருத்து.

விழாவுக்குக் கூட்டம் சேரும்; நிதி சேர்வது வேறு விஷயம். அரங்க வாடகை, ஒலி, ஒளி, பாதுகாப்பு, தங்கும் அறை எல்லாம் முன்பணம். அவர் தேதி மாற்றினால் போனது போனதுதான். உண்டியல் காசுக்குக் கொடுத்தவர் பெயர் இருக்காது. மறு ஆண்டு யாரைக் கேட்பது? 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு வரிச்சலுகையும் இல்லை. இதைவிடப் பெரிய தவறு, காப்பகக் குழந்தைகளை மேடையேற்றிப் படம் எடுப்பது. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அவர்களின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குரல் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு காணொளி, 40 நொடி, ஒரே கோரிக்கை. பள்ளி திறக்கும் ஜூனுக்கு நோட்டும் பையும் என்றால் ஏப்ரலிலேயே வெளியிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி க்யூஆர் குறியீடு வையுங்கள்; எது பலித்தது என்று தெரியும். ரசிகர் மன்றம் தனியே வசூலிக்கக் கூடாது, சர்ச்சை வந்தால் காணொளியை நீக்கலாம் என இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி மேடைக் கலைஞர்தான். ஆனால் கச்சேரி வருவாயைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அறப்பணிகளுக்குத் தந்தார். 1974இல் பொதுச் சேவைக்காக மகசேசே விருது பெற்றார்.

கல்லூரி ஒன்று அரங்கை இலவசமாகத் தந்தால் மட்டும் விழாவை யோசிக்கலாம்.