ஆவியழுத்தம் அளக்க எந்த முறையை நம்பலாம்? ஓர் ஒப்பீடு

ஒரு வேதிப்பொருளின் பாதுகாப்பு அறிக்கையில் ஆவியழுத்தம், அதாவது மூடிய இடத்தில் பொருளோடு சமநிலையில் இருக்கும் அதன் ஆவி தரும் அழுத்தம், ஒரே வரியில் முடிந்துவிடும். தொழிலாளி எவ்வளவு ஆவியைச் சுவாசிப்பார், சிந்தினால் எவ்வளவு காற்றில் கலக்கும், மண்ணில் தங்குமா பறந்துவிடுமா என்ற கணக்குகளெல்லாம் அந்த வரியிலிருந்துதான் கிளம்புகின்றன. எண் சிறியதாக இருந்தால் கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 20 டிகிரி செல்சியஸில் பாதரசத்தின் ஆவியழுத்தம் சுமார் 0.16 பாஸ்கல்தான். தண்ணீரின் 2339 பாஸ்கலோடு வைத்துப் பார்த்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் அந்த 0.16 பாஸ்கலில் காற்று நிறைவடைந்தால், ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 13 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பணியிடக் காற்றுக்குப் பரவலாக வைக்கப்படும் வரம்பு 0.02 மில்லிகிராம் அளவில் இருப்பதால், இது அதைப்போல் அறுநூறு மடங்குக்கும் மேல்.

இந்த அளவீட்டுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) சோதனை வழிகாட்டி 104 எட்டு முறைகளைத் தருகிறது. 10⁻¹⁰ பாஸ்கல் முதல் 10⁵ பாஸ்கல் வரை நீளும் எல்லையை எந்த ஒரு முறையாலும் முழுதாகத் தொட முடியாது. அதனால் அளக்கப்போகும் மதிப்பு எந்த அளவில் இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துவிட்டுத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எளிதில் ஆவியாகும் திரவங்களுக்குப் போட்டி இரண்டு முறைகளுக்கு இடையில்தான். ஒன்று, வெவ்வேறு அழுத்தங்களில் கொதிக்கவைத்துக் கொதிநிலையைக் குறிக்கும் முறை. 2000 பாஸ்கலுக்கு மேல் இதை விஞ்சுவது கடினம். மறுமுறை அளந்தாலும் 1 முதல் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும். மற்றொன்று, பொருளை மூடிய கலத்தில் வைத்து அதன் அழுத்தத்தை அழுத்தமானியால் நேரடியாகப் படிப்பது. இது 10 பாஸ்கல் வரை இறங்கும், திடப்பொருளுக்கும் பொருந்தும். தூய்மையான கரைப்பான் என்றால் நான் கொதிநிலை முறையையே எடுப்பேன்.

மூடிய கலத்தின் குறை அதன் எளிமையிலேயே இருக்கிறது. அழுத்தம் எதிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. கரைந்திருக்கும் காற்று, ஈரம், தயாரிப்பில் எஞ்சிய கரைப்பான் எல்லாம் சேர்ந்த மொத்தத்தையே அது காட்டும். உண்மையில் 0.1 பாஸ்கல் மட்டுமே உள்ள ஒரு திரவத்தில், மோல் கணக்கில் (மூலக்கூறு எண்ணிக்கையில்) ஆயிரத்தில் ஒரு பங்கு அசிட்டோன் தங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் அசிட்டோனின் ஆவியழுத்தம் சுமார் 24,600 பாஸ்கல். கலவையில் ஒரு பொருள் தரும் அழுத்தம் அதன் மோல் பங்குக்கு ஏற்ப இருக்கும் என்ற ரவுல்ட் விதிப்படி, அந்தத் துளி அசிட்டோன் மட்டுமே 25 பாஸ்கல் அளவுக்கு அழுத்தம் தரும். பொருளின் சொந்த மதிப்பைப்போல் இருநூற்றைம்பது மடங்கு! உறையவைத்து, வெற்றிடத்தில் வாயுவை நீக்கி, மீண்டும் உருக்கும் வேலையைப் பலமுறை செய்யாமல் இந்த முறையைத் தொடவே கூடாது.

"மதிப்பு கூடுதலாக வந்தால் பாதுகாப்புப் பக்கம்தானே சாய்கிறோம்" என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். சுவாசிக்கும் அளவைக் கணிக்கையில் அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு பொருள் நீருக்கும் காற்றுக்கும் இடையே எப்படிப் பிரியும் என்று சொல்லும் ஹென்றி மாறிலி, ஆவியழுத்தத்தை நீரில் கரையும் அளவால் வகுத்துக் கிடைப்பது. ஆவியழுத்தம் பொய்யாக உயர்ந்தால், பொருள் நீரைவிட்டுக் காற்றுக்குப் போய்விடும் என்று கணிப்பு செய்யும் கணினி நிரல் நம்பிவிடும். நீரில் தங்கும் அளவு குறைத்துக் காட்டப்படும். மீனுக்கு நஞ்சாகும் பூச்சிக்கொல்லி ஒன்றில் இந்தப் பிழை நேர்ந்தால் அது ஆபத்தின் பக்கம்தான் சாயும்.

ஒரு பாஸ்கலுக்குக் கீழே வேறு மூன்று முறைகள் முன்னுக்கு வருகின்றன. நுட்சென் கலத்தில், வெற்றிடத்தில் நுண்துளை வழியே தப்பும் ஆவியால் ஏற்படும் எடை இழப்பை அளப்பார்கள். மிகக் குறைந்த மதிப்புகளையும் எட்டும். ஆனால் கணக்கில் மூலக்கூறு எடை வருவதால், அசிட்டிக் அமிலம்போல ஆவியிலும் இரட்டையாகச் சேர்ந்திருக்கும் பொருள்கள் தவறான விடை தரும். ஈரமும் எடை இழப்பாகவே பதிவாகும். ஆனால் அது முதலில் வெளியேறிவிடும் என்பதால், இழப்பு வேகம் சீரான பிறகு கணக்கிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சூடாக்கிய பொருள் ஆவியாகி எடை குறையும் வேகத்தைப் பார்க்கும் வெப்ப எடையளவி முறைக்குச் சில மில்லிகிராம் போதும், வேகமும் உண்டு. அது ஒப்பீட்டு முறை என்பதால், தெரிந்த ஆவியழுத்தம் கொண்ட பொருள்களால் அளவுதிருத்தம் செய்தாக வேண்டும்.

இவற்றுள் என் தேர்வு வாயு நிறைவு முறை. மந்த வாயுவைப் பொருளின் மேல் மெதுவாகச் செலுத்தி, அது சுமந்துவரும் ஆவியை உறிஞ்சியில் பிடித்து, கலவையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராபியில் அந்தப் பொருளை மட்டும் அளக்கிறோம். மாசு தனியாகப் பிரிந்துவிடும். 10 முதல் 30 சதவீதம் வரை சிதறல் இருக்கும், நாள்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இருந்தாலும் 'இது எதனுடைய அழுத்தம்' என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. வாயுவின் வேகத்தை மாற்றினாலும் விடை மாறக் கூடாது. மாறினால் வாயு நிறைவடையவில்லை என்று பொருள். முதல் உறிஞ்சியைத் தாண்டிப் பொருள் தப்பவில்லை என்பதைப் பின்னால் வைத்த இரண்டாவது உறிஞ்சி காட்ட வேண்டும். இவ்விரண்டும் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.

எந்த முறையானாலும் வெப்பநிலை நீட்டிப்பில் ஒரு குழி உண்டு. அதிக வெப்பத்தில் அளந்த மதிப்புகளை வரைபடத்தில் கோடாக்கி, அந்தக் கோட்டை 20 அல்லது 25 டிகிரி வரை நீட்டுவது வழக்கம். இடையில் உருகுநிலை குறுக்கிட்டால் கோட்டின் சரிவு மாறும். நாப்தலீன் 80 டிகிரியில் உருகும். உருகிய நிலையில் மட்டும் அளந்து 25 டிகிரிக்கு நீட்டினால், திட நாப்தலீனின் உண்மையான மதிப்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான எண் வரும். அதனால் எந்தெந்த வெப்பநிலையில் அளந்தார்கள், அப்போது பொருள் எந்த நிலையில் இருந்தது என்று அறிக்கை சொல்லியே ஆக வேண்டும்.

கணிப்புச் சமன்பாடுகளை அளவீட்டுக்கு மாற்றாக நான் ஏற்பதில்லை. எந்த முறையைத் தொடங்கலாம் என்று தீர்மானிக்கவும், 10⁻⁵ பாஸ்கலுக்கும் கீழே இருக்கும் ஒரு பொருளுக்கு மேல் வரம்பு சொல்லவும் அவை போதுமானவை.