ஸ்லீவா, பைபாஸா? கிலோவை வைத்து முடிவெடுக்காதீர்கள்

உடல் எடையைக் குறைக்க வயிற்றில் செய்யும் ஆபரேஷனில் எனக்குச் செய்தது பைபாஸ். என் மச்சானுக்கு ஸ்லீவ். கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு இலையிலும் முக்கால்வாசி அப்படியே கிடக்கும். பாயசம் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். அவர் இரண்டு வாய் ருசி பார்ப்பார். நான் இலைக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொள்வேன்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போலத் தைத்துவிடுகிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டியெறியும் அந்தப் பகுதியில்தான். குடலில் கை வைப்பதில்லை. அதனாலேயே இதைச் 'சின்ன ஆபரேஷன்' என்று நினைக்கிறார்கள். எடுத்த இரைப்பை திரும்ப வராது என்பதை யாரும் யோசிப்பதில்லை. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்து, நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போகாது.

எத்தனை கிலோ குறையும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதில் பைபாஸ் கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி நெஞ்செரிச்சல். பின்லாந்தில் 240 பேரை இரு பிரிவாக்கி ஆபரேஷன் செய்து, 10 ஆண்டுக்குப் பிறகு எண்டோஸ்கோபி பார்த்தார்கள். உணவுக்குழாயில் புண்ணோ அழற்சியோ ஸ்லீவ்காரர்களில் 31 சதவீதம் பேருக்கு, பைபாஸ்காரர்களில் 7 சதவீதம் பேருக்கு. ஏற்கெனவே புளித்த ஏப்பத்தோடு தூங்கப் போகிறவர் ஸ்லீவுக்குக் கையெழுத்துப் போடும் முன் எண்டோஸ்கோபி செய்துகொள்வது நல்லது. மச்சான் செய்யவில்லை. ஜெலுசில் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவர் அவர்.

சர்க்கரை நோய்க்கும் பைபாஸ் பக்கமே தராசு கொஞ்சம் சாய்கிறது. பல வருடம் இன்சுலின் போட்டவருக்கு எதிலும் உத்தரவாதம் கிடையாது.

பைபாஸுக்கான விலை வேறு. இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் குடலின் முதல் பகுதியைச் சாப்பாடு தொடுவதே இல்லை. அதனால் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் மாத்திரைதான். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை ஃபில்டர் காபியோடு போட்டால் வீண். முட்டிவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். குடல் இணைத்த இடத்தில் புண் வரும். சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும். பாயசம் குடித்தால் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. இதற்கு டம்பிங் என்று பெயர். ஸ்லீவ்காரருக்கும் மாத்திரை உண்டு, பட்டியல்தான் கொஞ்சம் சின்னது. தினமும் மாத்திரை போட மறக்கிற ஆள் பைபாஸ் பக்கம் போகாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

தயாரிப்பு இருவருக்கும் ஒன்றுதான். ஈரல் சுருங்குவதற்காகச் சுமார் இரண்டு வாரம் அரிசி, சர்க்கரையைக் குறைத்த கடும் டயட். அதைவிடக் கஷ்டம், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் செம்புத் தண்ணீர் வைக்கும் பழக்கத்தை விடுவது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். இதை ஆபரேஷனுக்கு முன்பே பழகிவிடுங்கள்.

பிறகு புரதம். நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். இரண்டு இட்லியில் நாலைந்து கிராம்கூடத் தேறாது, ஒரு முட்டையில் சுமார் 6. எனவே முதலில் முட்டை, மீன், பனீர், சுண்டல். வயிற்றில் இடம் இருந்தால் சோறு. மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். நிற்காத வாந்தி என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வாந்தியால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்தால் நரம்பு கெடும். பெண்கள் ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

மச்சானுக்கு அடுத்த மாதம் எண்டோஸ்கோபி. புண் இருந்தால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவர், "உங்க மாத்திரை டப்பாவை ஒரு தடவை காட்டுங்க மாப்பிள்ளை" என்றார்.