அமெரிக்க ராணுவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கு விஏ தரும் சிகிச்சை: நல்லதும் குறையும்

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையான விஏவின் இந்தச் சேவையில் மெச்ச வேண்டியது, வாசலில் ஆதாரம் கேட்காததுதான். அன்று புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை. கட்டணம் கிடையாது, ஆண்களுக்கும் உண்டு. ஒவ்வொரு விஏ மருத்துவ அமைப்பிலும் இதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். முதல் போனை அவருக்கே போடுங்கள். ஆண் மருத்துவரா, பெண் மருத்துவரா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயான பிடிஎஸ்டிக்குத் தரும் பேச்சு சிகிச்சைகளில் ஒன்றான சிபிடி முறை சுமார் 12 அமர்வுகள். "தப்பு என்மேல்தான்" என்ற எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று வரிவரியாகப் பார்ப்பார்கள். இன்னொரு முறையில், நடந்ததை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்து வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். 8 முதல் 15 அமர்வுகள், பெரும்பாலும் 90 நிமிடம். பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு. அது சோம்பலல்ல, நினைவைத் தவிர்ப்பதே இந்நோயின் அறிகுறி. தாக்கியவனோடு ஒரே முகாமில் உண்டு உறங்க நேர்ந்தவருக்கு, முன்னாள் வீரர்கள் நிறைந்த காத்திருப்பு அறையே நடுக்கம் தரும். வீடியோ அமர்வு கேளுங்கள். அல்லது மருத்துவமனையிலிருந்து தனியாக இயங்கும் விஏ ஆலோசனை மையமான வெட் சென்டருக்குப் போங்கள்.

பெரிய குறை இழப்பீட்டுப் பிரிவில். அது வேறு வழி, படிவம் 21-0781. மீண்டும் ஒரு அந்நியரிடம் எல்லாம் சொல்ல வேண்டும். அங்கு நிராகரிக்கப்பட்ட இத்தகைய இழப்பீட்டு விண்ணப்பங்களில் ஏறக்குறைய பாதி முறையாகக் கையாளப்படவில்லை என்று 2018இல் விஏவின் சொந்தத் தணிக்கையே மதிப்பிட்டது. திடீர் இடமாற்றக் கோரிக்கை, வேலைத்திறன் சரிவு, அன்று வீட்டுக்கு எழுதிய கடிதம் எல்லாமே சான்றாகும். நகலெடுத்து இணையுங்கள்.